விமானம் ரத்தான இரவில் கட்டுநாயக்க எப்படி?

கொழும்பை அடுத்துள்ள கட்டுநாயக்க பண்டாரநாயக்க சர்வதேச விமான நிலையம் மூன்று மணித்தியாலம் காத்திருக்க நல்ல இடம். ஆறு மணித்தியாலம் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் உள்ளே கிடந்து அவதிப்படுவதில் பிரயோசனமில்லை, வெளியே போய்ப் படுப்பதுதான் சரி. ஆனால் எந்த ஒழுங்கில் வெளியேறுவது, போகுமுன் எதைக் கையில் வாங்கிக்கொள்வது என்று தெரியாமல் சனம் அந்தரப்படுகிறது. அந்த விமான நிலையத்தை, மாட்டிக்கொண்டவர்களின் கண்ணால் மட்டும் பார்த்து எழுதிய மதிப்பீடு இது.

முதலில் நல்லது. சர்வதேசப் பயணத்துக்கு ஒரே ஒரு பிரதான முனையம். டோஹாவிலோ ஹீத்ரோவிலோ போல ரயில் ஏறி, பஸ் மாறி அடுத்த வாசலைத் தேடவேண்டியதில்லை. டிரான்சிட் பயணி இறங்கிய இடத்திலிருந்து அடுத்த வாசலுக்கு நடந்தே போய்விடலாம். இனிக் குறை. இந்தக் கட்டடம் ஆண்டுக்கு 60 இலட்சம் பயணிகளைக் கணக்கில் வைத்துக் கட்டப்பட்டது. இரண்டாவது முனையத்தின் வேலை 2022 பொருளாதார நெருக்கடியோடு நின்றுபோனது. வளைகுடா நாடுகளுக்குப் போகும் விமானங்கள் பல மாலையிலிருந்து விடியப்புறம் வரை அடுத்தடுத்துப் புறப்படுவதால், பகலில் காலியாகக் கிடக்கும் மண்டபம் இரவில் நிரம்பி வழியும். ஓடுபாதையும் ஒன்றுதான். அதில் ஏதாவது நடந்தால் எல்லா விமானமும் நிற்கும். வந்துகொண்டிருப்பவை தெற்கே உள்ள மத்தளை விமான நிலையத்துக்கோ தென்னிந்தியாவுக்கோ திருப்பி விடப்படும். மத்தளையில் இறக்கினாலும் அவசரப்பட்டுச் சொந்தமாக வாகனம் பிடிக்கவேண்டாம். பெரும்பாலும் எண்ணெய் நிரப்பிக்கொண்டு அதே விமானம் திரும்பிவிடும், உங்கள் பொதியும் அதற்குள்தான் இருக்கும்.

இருக்கைகள் சுமார். கைபிடி போட்ட கதிரைகளே அதிகம் என்பதால் நீட்டி நிமிர்ந்து படுப்பது கடினம். குளிரூட்டி இரவு முழுக்க ஒரே அளவில் ஓடும், வயதானவர்களுக்கும் குழந்தைகளுக்கும் ஒரு கம்பளிச் சால்வை கைப்பொதியில் இருக்கவேண்டும். மின் இணைப்புக்கு இலங்கையின் இப்போதைய நியமம் 13 அம்பியர் சதுரக்கால் பிளக், அதாவது லண்டனில் இருப்பது. பழைய உருண்டைக்கால் துளைகளும் இன்னும் கிடக்கின்றன. ஐரோப்பாவிலிருந்தோ கனடாவிலிருந்தோ வருபவர் அடப்டர் இல்லாமல் வந்தால் போன் செத்துவிடும். விமானம் ரத்தான இரவில் போன் சாவதை விடப் பெரிய கஷ்டம் வேறில்லை. இலவச வைபை உண்டு, கூட்டம் கூடினால் இழுக்கும். சாப்பாடு கிடைக்கும், விலை வெளியே இருப்பதைவிடப் பல மடங்கு. லவுஞ்சுகளில் கடன் அட்டைக்கோ காசுக்கோ இடம் எடுக்கலாம். பெரும்பாலும் மூன்று மணித்தியால வரையறை இருக்கும், அதனால் முழு இரவுக்கு அது வழியல்ல. குளிக்கவும் போனைச் சார்ஜ் பண்ணவும் ஒரு நேரம் வயிறாரச் சாப்பிடவும் என்று கணக்குப் பண்ணி எடுத்தால் கொடுத்த காசுக்குத் தகும்.

ரத்து திடீரென்று வருவதில்லை, மோப்பம் பிடிக்கலாம். சென்னை, திருச்சி, மதுரை, மாலே போன்ற குறுந்தூரச் சேவைகள் பலவற்றில் அங்கிருந்து வரும் விமானமே திரும்பிப் போகும். பலகையில் 'நேரப்படி' என்று போட்டிருந்தாலும், விமானங்களைப் பின்தொடரும் அப் ஒன்றில் அந்த விமானம் சென்னையை விட்டுக் கிளம்பிவிட்டதா என்று பாருங்கள். கிளம்பவில்லை என்றால் கொழும்பில் நேரப்படி எதுவும் நடக்கப்போவதில்லை. இரண்டாவது அடையாளம், தாமதம் ஒரு மணி, இரண்டு மணி, மூன்று மணி என்று படிப்படியாக நீள்வது. விமானிகளுக்கும் பணியாளர்களுக்கும் ஒரு நாளில் இத்தனை மணித்தியாலம்தான் வேலை என்ற சட்ட எல்லை உண்டு. அந்த எல்லையைத் தாண்டினால் விமானம் நல்லபடி நின்றாலும் பறக்காது. மூன்று நான்கு மணித்தியாலத் தாமதம் இரவு பதினொன்றுக்கு மேல் 'நாளைக்கு' என்று மாறுவதற்குப் பலமுறை காரணம் இதுதான். 2025 டிசம்பர் தொடக்கத்தில் இந்தியாவில் இண்டிகோ சேவைகள் ஆயிரக்கணக்கில் ரத்தானதும் இந்த வேலைநேர விதிகளை ஒட்டித்தான்.

வானிலை பெரும்பாலும் சொல்லிக்கொண்டே வரும், போர் அப்படியல்ல. 2023 டிசம்பரில் மிக்ஜாம், 2024 நவம்பர் கடைசியில் ஃபெங்கல் என்று புயல் வந்தபோதெல்லாம் சென்னை விமான நிலையம் மூடப்பட்டது. 2024 ஏப்ரல் 16 துபாய் வெள்ளமும், 2025 ஜூன் 23 போர் காரணமாகக் கட்டார் தன் வான்பரப்பை மூடியதும் கொழும்புக்கு வரவிருந்தவர்களைப் பாதி வழியில் நிறுத்தின. நவம்பர், டிசம்பரில் சென்னை வழியாக வருவதானால் இடையில் ஓர் இரவைச் சேர்த்தே திட்டமிடுங்கள்.

இனி, ரத்து என்று அறிவித்ததும் என்ன செய்வது? எல்லாம் நீங்கள் அந்த நேரம் எங்கே நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

செக்-இன் பண்ணுமுன் என்றால் விடயம் இலகு. கவுண்டர் வரிசையில் ஒருவர் நிற்கட்டும், இன்னொருவர் விமான நிறுவனத்தின் தொலைபேசி எண்ணுக்கோ அப்புக்கோ போகட்டும். வரிசையில் நூறு பேர் நிற்கும்போது அடுத்த விமானத்தில் மிச்சமிருக்கும் பத்து இருக்கை போனில் பேசியவருக்குப் போய்விடும். வேறொரு நாட்டிலுள்ள அதே நிறுவனத்தின் அழைப்பு நிலையத்துக்கு எடுத்தால் பலமுறை சீக்கிரம் கிடைக்கும். வெளிநாட்டிலிருக்கும் உறவினரை அங்கிருந்து எடுக்கச் சொல்லலாம், பி.என்.ஆர். எனும் ஆறெழுத்துப் பதிவு எண்ணும் கடவுச்சீட்டில் உள்ளபடி பெயரும் இருந்தால் போதும்.

குடியகல்வு முத்திரை குத்தி உள்ளே போன பிறகு ரத்தானால், தனியாக வெளியே நடந்து வரமுடியாது. விமான நிறுவனப் பணியாளர் ஒருவர் கூட்டிக்கொண்டு வரவேண்டும். குடிவரவு மேசையில் குத்திய முத்திரை ரத்துச் செய்யப்பட வேண்டும். அதை அங்கேயே, கடவுச்சீட்டைத் திறந்து உங்கள் கண்ணால் பாருங்கள். வெளியேறியதாகவே பதிவு இருந்தால் அடுத்த நாள் மேசையில் கேள்வி வரும். வரியில்லாக் கடையில் வாங்கிய போத்தலும் வாசனைத் திரவியமும் அந்தப் பயணத்துக்காக வரி விலக்குப் பெற்றவை, பொதுவாகத் திருப்பிக் கொடுக்கவே சொல்வார்கள். பற்றுச்சீட்டை எறியவேண்டாம். பிறகு கீழே வருகை மண்டபத்துப் பட்டியில் உங்கள் பொதிகள் வரும். அதற்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேலும் பிடிக்கும். பொதி வராமல் ஹோட்டல் பஸ்ஸில் ஏறவேண்டியிருந்தால், பொதி எங்கே இருக்கிறது, நாளை அதே விமானத்தில் ஏறுமா என்று கேட்டு, போர்டிங் பாஸில் ஒட்டித் தந்த பொதித் துண்டைப் படம் எடுத்து வையுங்கள்.

வெளிநாட்டுக் கடவுச்சீட்டோடு ஊருக்கு வந்து திரும்புபவர்கள் இன்னொன்றையும் பார்க்கவேண்டும். முப்பது நாள் அனுமதியின் கடைசி நாளில் டிக்கெட் போட்டிருந்தால், ரத்து உங்களை அனுமதி முடிந்தவராக ஆக்கிவிடும். விமானம் ரத்தானதாக நிறுவனத்தின் கடிதத்தை வாங்கி, வெளியே வரும் அதே நேரத்தில் குடிவரவு அதிகாரியிடம் சொல்லுங்கள். இதைத் தவிர்க்க ஒரே வழி, திரும்பும் திகதிக்கும் அனுமதி முடியும் திகதிக்கும் நடுவில் மூன்று நாளாவது விட்டு டிக்கெட் போடுவது.

டிரான்சிட் பயணிகளின் நிலை வேறு. மதுரையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ கொழும்பு வழியாகப் போகிறவருக்கு, ஒரே டிக்கெட்டாக இருந்தால் டிரான்சிட் கவுண்டரே எல்லாம் செய்யவேண்டும். ஹோட்டலுக்குப் போக நாட்டுக்குள் நுழையவேண்டும், அதற்கு ஈ.டி.ஏ. எனும் இணைய அனுமதி வேண்டும். இரண்டு நாள் வரையான டிரான்சிட் அனுமதி இலவசம், ஆனால் விண்ணப்பிக்கத்தான் வேண்டும். நீண்ட இடைவெளியோடு கொழும்பு வழி போகிறவர்கள் வீட்டில் இருக்கும்போதே அதை எடுத்து வைப்பது நல்லது.

எந்த நிலையில் நின்றாலும், கவுண்டரை விட்டு நகருமுன் மூன்று காரியம் முடிந்திருக்க வேண்டும். புதிய பயணத்துக்கான உறுதிப்படுத்திய டிக்கெட் முதலாவது. 'பட்டியலில் போட்டிருக்கிறோம்' என்பது டிக்கெட் அல்ல. நிறுவனத்தின் இணையத்தளத்தில் உங்கள் பி.என்.ஆரைப் போட்டால் புதிய விமான எண்ணும் திகதியும் உறுதி என்று காட்டவேண்டும். ரத்துக்கான காரணம் எழுதிய கடிதம் இரண்டாவது. பயணக் காப்புறுதி இத்தனை மணித்தியாலத் தாமதத்துக்குப் பிறகுதான் தொடங்கும் என்று இருக்கும், கடிதம் இல்லாமல் ஒரு சதமும் வராது. மூன்றாவது சாப்பாடு, ஹோட்டல், வாகனம் மூன்றுக்குமான சீட்டு. இந்தச் சீட்டுகளில் ஒன்று இல்லாவிட்டால் சொந்தக் காசில் செலவழித்துப் பற்றுச்சீட்டை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டு, பதிலைச் சொன்னவரின் பெயரோடு குறித்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. ரத்து அறிவித்த கொஞ்ச நேரத்தில் போனுக்கு ஒரு செய்தி வரும், 'பணத்தைத் திரும்பப் பெற இங்கே அழுத்தவும்' என்று. கோபத்தில் அழுத்திவிட்டால் ஒப்பந்தம் அதோடு முடிந்தது. ஹோட்டலும் இல்லை, அடுத்த விமானமும் இல்லை, அன்றைய விலையில் புது டிக்கெட் வாங்கவேண்டியதுதான். அதேபோலத் திகதியை நீங்களாகவே அப்பில் மாற்றினால் அது பயணி கேட்டுச் செய்த மாற்றமாகப் பதிவாகி, கட்டணமும் விலை வித்தியாசமும் தலையில் விழக்கூடும். மாற்றத்தை நிறுவனமே, தன் ரத்து காரணமாகச் செய்ததாகப் பதியச் சொல்லுங்கள்.

கொழும்பில் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஏஜென்சியில் டிக்கெட் வாங்கியவர்களைக் கவுண்டரில் 'ஏஜென்டிடம் கேளுங்கள்' என்று அனுப்பிவிடுவதுண்டு. பாதி உண்மை. பணம் திரும்புவது ஏஜென்சி வழியாகத்தான். ஆனால் பயணம் நடக்கும் நாளில் மாற்று விமானம் தருவது விமான நிறுவனத்தின் பொறுப்பு, அதற்கு ஏஜென்டின் கடை திறக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. மரியாதையாக, ஆனால் அசையாமல் இதைச் சொல்லவேண்டும். ஏஜென்சியைத் தெரிவு செய்யும்போது ஆயிரம் இரண்டாயிரம் ரூபா விலை வித்தியாசத்தைப் பார்க்காமல், இரவு பன்னிரண்டு மணிக்கு வட்ஸ்அப்பில் பதில் சொல்வாரா என்று பாருங்கள்.

எல்லாவற்றையும் விடப் பெரியது, டிக்கெட் ஒன்றா இரண்டா என்பது. லண்டன்–சென்னை ஒரு டிக்கெட், சென்னை–கொழும்பு இன்னொரு டிக்கெட் என்று மலிவாக வாங்கினால், முதல் விமானம் பிந்தியதற்கு இரண்டாவது நிறுவனம் பொறுப்பல்ல. அதை விடக் கஷ்டம், பொதியை எடுக்கச் சென்னையில் குடிவரவைத் தாண்டி வெளியே வரவேண்டும், அதற்கு இந்திய விசா வேண்டும். ஒரே டிக்கெட் என்றால் செக்-இன் நேரத்தில் பொதியில் கட்டும் அந்த நீளத் தாளைப் பாருங்கள். கடைசி இடமாகப் பெரிய எழுத்தில் கொழும்பின் 'சி.எம்.பி.' என்று இருக்கவேண்டும், இடையில் மாறும் நிலையம் சின்ன எழுத்தில் அதோடு அச்சாகியிருக்கும். பெரிய எழுத்தில் சென்னையின் 'எம்.ஏ.ஏ.' இருந்தால் பொதி அங்கேயே இறங்கிவிடும். அந்த இடத்திலேயே கேட்டுத் திருத்தலாம், விமானம் ஏறிய பிறகு முடியாது. இன்னொன்று, ஒரே டிக்கெட்டில் ஒரு கட்டத்தை நீங்களாக விட்டுவிட்டால் மீதிக் கட்டங்கள் தானாக ரத்தாகும். பிந்தியதென்று வேறு வழியில் போக நினைத்தால் முதலில் நிறுவனத்திடம் பதிந்துவிட்டுப் போகவேண்டும்.

நட்டஈடு எங்கிருந்து புறப்படுகிறீர்கள், எந்த நிறுவனத்தில் வருகிறீர்கள் என்பதால் மாறும். பிரித்தானியாவிலிருந்தோ ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்தோ புறப்பட்டால் எந்த நாட்டு விமானமாக இருந்தாலும் 261 ஆம் இலக்க ஒழுங்குவிதி பொருந்தும். சுவிஸும் நோர்வேயும் அதே விதியைத்தான் பின்பற்றுகின்றன. லண்டனிலிருந்து கொழும்புக்கு ஸ்ரீலங்கன் விமானத்தில் நேராக வந்தாலும், டோஹா வழியே ஒரே பதிவில் வந்தாலும், நிறுவனத்தின் தவறால் கொழும்பில் நான்கு மணித்தியாலத்துக்கு மேல் பிந்தி இறங்கினால் ஆளுக்கு 520 பவுண். மூன்றுக்கும் நான்குக்கும் இடையில் என்றால் அதில் பாதி. பாரிஸிலிருந்து என்றால் 600 யூரோ. புயல், வான்பரப்பு மூடல் போன்றவற்றுக்கு இந்தப் பணம் கிடையாது. ஆனால் சாப்பாடும் ஹோட்டலும் அப்போதும் அவர்கள் தரவேண்டும், 'வானிலைதானே' என்று கைவிரிக்க விடாதீர்கள். திரும்பும் பயணம் வேறு கதை. கொழும்பிலிருந்து ஸ்ரீலங்கனிலோ வளைகுடா நிறுவனத்திலோ லண்டன் போகும்போது இந்த விதி பொருந்தாது, பிரித்தானிய அல்லது ஐரோப்பிய நிறுவனம் என்றால் மட்டும் பொருந்தும். ஊரிலிருந்து திரும்பும்போதுதான் காப்புறுதி கட்டாயம் தேவை என்பதற்கு இதுதான் காரணம்.

கனடாவின் விதி போகவும் வரவும் இரண்டு திசையையும் பிடிக்கும். ரொறன்ரோவிலிருந்து பெரிய நிறுவனம் ஒன்றில், அதன் கட்டுப்பாட்டிலுள்ள காரணத்தால் மூன்று மணித்தியாலத்துக்கு மேல் பிந்தினால் 400 டொலர், ஆறுக்கு மேல் 700, ஒன்பதுக்கு மேல் 1,000. ஓர் ஆண்டுக்குள் எழுத்தில் கேட்கவேண்டும், நிறுவனம் முப்பது நாளுக்குள் பதில் தரவேண்டும். பாதுகாப்புக்காகப் பழுது பார்த்தது என்று காரணம் சொன்னால் பணம் இல்லை, சாப்பாடும் தங்குமிடமும் உண்டு. சென்னையிலிருந்து இந்திய நிறுவனம் ஒன்றில் கொழும்புக்கு வரும்போது, முன்னறிவிப்பின்றித் தன் தவறால் ரத்துச் செய்தால் 7,500 இந்திய ரூபா, அல்லது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, இரண்டில் குறைந்தது. பெரிய தொகையல்ல, ஆனாலும் கேட்காமல் விடவேண்டாம்.

யாழ்ப்பாணத்துக்குப் போகிறவர்கள் சென்னை–பலாலி விமானத்தைப் பார்க்கலாம். 2019 ஒக்டோபரில் பலாலி சர்வதேச நிலையமாகத் திறந்தது, 2024 செப்டெம்பரிலிருந்து இண்டிகோவும் அங்கே பறக்கிறது. கட்டுநாயக்கவிலிருந்து ஏழெட்டு மணித்தியாலத் தரைப்பயணம் மிச்சம். ஆனால் ஓடுவது சுழல்விசிறி பொருத்திய சின்ன ஏ.டி.ஆர். விமானம், இருக்கையும் பொதி இடமும் குறைவு. ரத்தானால் அடுத்தது பெரும்பாலும் மறுநாள்தான். மாரிகாலத்தில், கல்யாணத்துக்கோ அந்தியேட்டிக்கோ குறித்த நாளில் நிற்கவேண்டியவர்கள் அதை மட்டும் நம்பிப் புறப்படக்கூடாது.

இரவு தங்க எங்கே போவது? நிறுவனம் தரும் ஹோட்டல் பெரும்பாலும் சீதுவையிலோ நீர்கொழும்பிலோ இருக்கும். சொந்தக் காசு என்றாலும் நீர்கொழும்புதான் புத்தி. பத்து கிலோமீற்றர் அளவுதான், கடற்கரைப் பக்கம் எல்லா விலையிலும் அறை உண்டு. கொழும்புக்குள்தான் போகவேண்டும் என்றால், அதிவேக நெடுஞ்சாலையில் பேலியகொடை வரை 25.8 கிலோமீற்றர், அரை மணித்தியாலத்தில் வந்துவிடும். அங்கிருந்து கொட்டாஞ்சேனை கிட்ட. வெள்ளவத்தைக்கு நகரத்தின் நடுவால் போகவேண்டும், காலை ஏழரைக்கும் ஒன்பதுக்கும் இடையில் விமானம் பிடிக்கத் திரும்புபவர்கள் அங்கே தங்கினால் நெஞ்சிடிதான். தனியாள் என்றால் 187 இலக்க நெடுஞ்சாலை பஸ் மலிவு. பொதி அதிகம் என்றால் அப்பில் கார் அழைத்து, நெடுஞ்சாலைக் கட்டணம் வாடகையில் சேர்ந்ததா என்று ஏறுமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.

இறங்கிய பிறகு பொதி வரவில்லை என்றால், சுங்கத்தைத் தாண்டுமுன் முறைப்பாட்டு மேசையில் அறிக்கை எழுதி, கோப்பு இலக்கம் வாங்குங்கள். உடைந்த பொதிக்கு ஏழு நாளுக்குள், பிந்தி வந்த பொதிக்குக் கையில் கிடைத்ததிலிருந்து 21 நாளுக்குள் எழுத்தில் முறையிட வேண்டும், மொன்றியல் உடன்படிக்கையின் எல்லை அது. மருந்து, இன்சுலின், கண்ணாடி, ஒரு மாற்று உடுப்பு, தாலிக்கொடி, ஆவணங்கள் எல்லாம் கைப்பொதியில்தான் வரவேண்டும். விலாசம் கேட்டால் வெள்ளவத்தை உறவினர் வீட்டைக் கொடுக்காமல் பொதி போய்ச் சேரவேண்டிய ஊர் விலாசத்தையும் உள்ளூர் போன் எண்ணையும் கொடுங்கள்.

வடக்கே போகும் வான் வண்டியை முற்பதிவு செய்திருந்தால், ரத்துச் செய்தி வந்த நிமிடமே சாரதிக்கு அறிவியுங்கள். அவர் கிளிநொச்சியிலிருந்தோ வவுனியாவிலிருந்தோ புறப்பட்டுவிட்டால் காத்திருப்புக் காசும் அவருடைய இரவுச் சாப்பாடும் உங்கள் கணக்கில்தான் வரும், அது நியாயமும்கூட. புதிய நேரத்தைச் சொல்லும்போது இறங்கும் நேரத்தோடு ஒன்றரை மணித்தியாலம் கூட்டிச் சொல்லுங்கள். இரவில் அடுத்தடுத்து விமானம் இறங்கினால் குடிவரவு வரிசைக்கும் பொதிக்கும் அவ்வளவு பிடிக்கும். கொழும்புக்குள் வரத் தேவையில்லை, நீர்கொழும்பு, சிலாபம், புத்தளம், அநுராதபுரம் வழியே நேரே ஏ9 பாதையைப் பிடிக்கலாம். கலாஓயாப் பக்கம் வெள்ளம் ஏறியதாகச் செய்தி வந்தால் மட்டும் குருநாகல்–தம்புள்ளை வழியாக எடுக்கச் சொல்லுங்கள். சாரதி இரவு முழுக்க விமான நிலையத்தில் விழித்திருந்தவர் என்றால், புறப்படுமுன் அவர் இரண்டு மணித்தியாலம் படுத்தெழும்ப விடுங்கள்.